மாசி மகமும் மக்கள் உலாவும்

குளிர் மிகுந்த நாடுகளில் வாழ்வோர் வெயிலை நாடி வீட்டைவிட்டு வெளியே வருவர். வெயில் மிகுந்த நம் நாட்டிலோ நிழலையும் நீரையும் நிலவையும் நாடி மக்கள் உலாப் போயினர். சுற்றுலா என்னும் சொல் பெருவழக்காகும் முன்னரே, அவ்வுலாவிற்கு நாளும் வழியும் வகுத்து, திருவிழா என்று அதற்குப் பெயரும் இட்டனர் நம் முன்னோர். இதற்குச் சான்றாகக் கடலூர் மாவட்டத்தில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிள்ளைக் கடற்கரை வரை ஆண்டுதோறும் நிகழும் மாசி மகப் பயணத்தை மாணவர்களாகிய உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

சிதம்பரத்திற்கு மேற்கே, சாலை வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஸ்ரீமுஷ்ணம். திருமுட்டம் என்றும் அதனை வழங்குவர். அங்கே கோயில் கொண்டிருப்பவர், நிலமகளைக் கடலினின்று மீட்டதாகப் புராணம் போற்றும் பூவராகப் பெருமாள். வைணவர்கள் தானே தோன்றியவை எனப் போற்றும் எட்டுத் தலங்களுள் இதுவும் ஒன்று. நாயக்கர் காலத் தூண்கள் அணி செய்யும் புருஷசூக்த மண்டபமும், நித்திய புஷ்கரணி என்னும் திருக்குளமும் இங்கே உண்டு. வடக்கே வெள்ளாறு கிழக்கு நோக்கி ஓடிப் பரங்கிப்பேட்டையருகே கடலோடு கலக்கிறது. தென்கிழக்கே, 907 முதல் 955 வரை ஆண்ட முதற் பராந்தக சோழன் காலத்து வீராணம் ஏரி விரிந்து கிடக்கிறது. வெயில் காயும் சமவெளியில் ஆற்றையும் ஏரியையும் குளத்தையும் ஒட்டியே ஊர்கள் வளர்ந்தன.

இவ்வூர்ப் பெருமாள் மாசி மகத்தன்று கடலில் தீர்த்தவாரி காண, வழியூர்களில் தங்கித் தங்கிக் கிழக்கே எழுந்தருளுகிறார். அவரோடு மக்களும் செல்கின்றனர். மண்ணை மீட்ட பெருமானைக் கடலோரம் காண்பதற்கு உழவரும் பரதவரும் ஒருங்கே திரளுகின்றனர்.

இப்பயணத்திற்கு மாசி மாதத்தைத் தேர்ந்ததன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் இக்கரையைத் தாக்கும். தை மாதத்தில் சம்பா அறுவடை நடக்கும். சித்திரை பிறந்தால் வெயில் சுட்டெரிக்கும். மழையும் ஓய்ந்து, களஞ்சியமும் நிறைந்து, கோடையும் தொடங்காத இடைவெளியே மாசி. மேலும், மக நாள் முழுநிலவை ஒட்டி வருவது. ஆதலின் அதற்கு முந்திய இரவுகளெல்லாம் வளர்பிறை நிலவு வழிகாட்டும். நடந்தே செல்லும் மக்களுக்கு இதனினும் நல்ல காலம் ஏது? வானத்தையும் வயலையும் அறிந்தவர்கள் வகுத்த நாள் இது என்பது என் கருத்து.

இனி, இவ்வழியின் பெருஞ்சிறப்பொன்றைக் கூற வேண்டும். கிள்ளையை அடுத்த தைக்காலில் சையத் ஷா ரஹமத்துல்லா அவர்களின் தர்கா உள்ளது. அங்கே இஸ்லாமியப் பெருமக்கள் பட்டும் மாலையும் அளித்துப் பெருமாளை வரவேற்கின்றனர். பெருமாளுக்குச் சாத்திய மாலை தர்காவிற்குச் செல்கிறது. இதே கரையில், பரங்கிப்பேட்டையருகே, 1781 ஜூலை 1ஆம் நாள் ஐதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின; ஆங்கிலேயர் வென்றனர். அப்போரை வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். ஆண்டுதோறும் அயலாரை வாயிலில் நின்று வரவேற்கும் இப்பண்போ பாடநூலில் இடம் பெறுவதில்லை. படைகள் ஒரே நாளில் போரிட்டுச் சென்றன; இம்மக்களோ தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் எதிர்கொண்டு அழைத்து வருகின்றனர். வரலாறு என்னும் பெயருக்கு இதுவும் உரியதன்றோ?

பயணம் முடியும் இடத்தின் பெயர் முழுக்குத்துறை. பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. அருகே பிச்சாவரத்தின் உப்பங்கழிகளும் சுரபுன்னைக் காடுகளும் உள்ளன. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்த தில்லை மரம் இக்காட்டில் இன்றும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் தீங்கு செய்யும். ஆதலின் கிளையை ஒடிக்காமல் கண்ணால் மட்டும் காணுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து இக்கடற்கரையில் பல உயிர்களைக் கவர்ந்தபோது, இக்காட்டின் பின்னே இருந்த சிற்றூர்களில் அலையின் வேகம் தணிந்தது. உலாப் போவோர் கண்டு மகிழும் காடு ஊரைக் காக்கும் அரணுமாக நின்றது.

மாணவர்களே! காலால் நடந்து காணாத ஊரின் குளம் தூர்ந்தாலும், சாலை மரம் வீழ்ந்தாலும் நாம் அறியப் போவதில்லை. அறியாததைக் காக்கவும் மாட்டோம். வரும் மாசியில் இவ்வழியின் ஒரு பகுதியையேனும் ஆசிரியரோடும் தோழரோடும் நடந்து பாருங்கள். எங்கெங்கே நிழல் உண்டு, எந்தக் குளத்தில் நீர் உண்டு, தைக்காலில் யார் யாரை வரவேற்றார் என்று குறித்து வாருங்கள். உங்கள் ஊரின் வரலாற்றுக்கு அக்குறிப்பே முதல் ஏடாகட்டும்.