அமெரிக்கப் பள்ளிகளில் வீட்டுமொழியும் அயல்மொழியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொதுப் பள்ளிகளுக்குள், அதாவது வரிப்பணத்தில் நடந்து கட்டணமின்றி எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளுக்குள், ஆங்கிலம் அல்லாத மொழிகள் இன்று இரு வேறு வாயில்கள் வழியே நுழைகின்றன. வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த மாணவர் உயர்நிலைப் பள்ளியில் ஸ்பானிஷையோ பிரெஞ்சையோ அயல்மொழிப் பாடமாக எடுத்து மதிப்பெண் சேர்க்கிறார். வீட்டில் ஸ்பானிஷோ சீனமோ பேசி வளர்ந்த மாணவர் 'ஆங்கிலம் கற்போர்' என்னும் பட்டியலில் ஏற்றப்பட்டு, அதிலிருந்து நீக்கப்படும் வரை தனிப் பயிற்சியும் ஆண்டுத் தேர்வும் பெறுகிறார். ஒரே மொழி ஒருவருக்குத் தகுதியாகவும் மற்றவருக்குக் குறையாகவும் பதிவேட்டில் ஏறும் இவ்வேற்பாடு பள்ளிக் கல்வியோடு உடன்பிறந்தது அன்று. அது போரும் சட்டமும் சேர்ந்து உண்டாக்கிய பிரிவு. அதற்கு முந்தைய நிலைமையை அறிய ஒஹையோ ஆற்றங்கரைக்குச் செல்ல வேண்டும்.

ஜெர்மானியக் குடியேறிகள் பெருகியிருந்த ஒஹையோ மாநிலத்தில், பெற்றோர் கேட்டால் பொதுப் பள்ளிகளில் ஜெர்மன் மொழியிலும் கற்பிக்கலாம் என்று 1839இல் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டே சின்சினாட்டி நகரில் அத்தகைய பள்ளிகள் தொடங்கின. கீழ்வகுப்புப் பிள்ளைகள் நாளின் ஒரு பாதியை ஜெர்மன் ஆசிரியரிடமும் மறுபாதியை ஆங்கில ஆசிரியரிடமும் கழிக்க, இரு ஆசிரியர்களும் இரு வகுப்புகளை மாற்றிக்கொண்டு நடத்தும் முறை அங்கே நிலைபெற்றது. இதனை மொழிப்பற்றின் வெற்றி என்று மட்டும் படிப்பது பிழையாகும். கத்தோலிக்க, லூத்தரன் திருச்சபைகள் நடத்திய ஜெர்மன் பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு இழுத்துக்கொள்ள நகர நிர்வாகங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதே நடைமுறைக் காரணம். செயின்ட் லூயிஸ் நகரமும் 1864இல் இவ்வழியைப் பின்பற்றியது. அங்கே ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் கணிசமாக ஜெர்மன் வகுப்பில் அமர்ந்தனர். பின்னாளில் நாட்டின் கல்வி ஆணையரான வில்லியம் டோரி ஹாரிஸ் அந்நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தபோது இவ்வேற்பாட்டை முன்நின்று ஆதரித்தார். மொழியை உடையவரும் இல்லாதவரும் ஒரே வகுப்பில் அமர்ந்த காலம் அது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. விஸ்கான்சின் மாநிலம் 1889இல் இயற்றிய பென்னட் சட்டம் முதன்மைப் பாடங்களை ஆங்கிலத்திலேயே நடத்த வேண்டும் என்று தனியார் பள்ளிகளையும் கட்டாயப்படுத்தியது. ஜெர்மானிய வாக்காளர்களின் சினத்தால் ஆளுங்கட்சி அடுத்த தேர்தலில் தோற்றது, 1891இல் சட்டமும் போயிற்று. வாக்குரிமையே அதுவரை ஜெர்மனுக்கு அரணாக இருந்தது.

முதல் உலகப்போர் அந்த அரணை உடைத்தது. 1915இல் உயர்நிலைப் பள்ளி மாணவரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தனர். 1922இல் அந்த விகிதம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஒரு பாடம் ஏழே ஆண்டுகளில் இவ்வளவு முழுமையாக அழிந்ததற்கு அந்நாட்டுக் கல்வி வரலாற்றில் ஒப்புமை காண்பது அரிது. அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் 1918 மே மாதம் வெளியிட்ட அறிக்கை பள்ளியில் மட்டுமின்றித் திருச்சபையிலும், பொது இடத்திலும், தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்றது. நெப்ராஸ்கா 1919இல் இயற்றிய சட்டம், எட்டாம் வகுப்பைத் தேறாத எந்தப் பிள்ளைக்கும், பொதுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும், அயல்மொழி கற்பிப்பதைக் குற்றமாக்கியது.

அச்சட்டத்தின் கீழ் நடந்த ஒரு வழக்கு விரிவாக நோக்கத்தக்கது. நெப்ராஸ்காவின் ஹாம்ப்டன் சிற்றூரில் லூத்தரன் சபைப் பள்ளியின் ஆசிரியர் ராபர்ட் மேயர். சட்டத்தின் பிடியிலிருந்து தப்பும் பொருட்டுச் சபையார் நண்பகல் இடைவேளையை நீட்டி, பிற்பகல் 1 மணிக்கும் 1.30க்கும் இடைப்பட்ட அரைமணி நேரம் பள்ளிநேரமே அன்று என்று அறிவித்து, அந்நேரத்தில் ஜெர்மன் கற்பித்து வந்தனர். 1920 மே 25 அன்று பத்து வயதுச் சிறுவன் ஒருவன் யாக்கோபு கனவில் கண்ட ஏணியின் கதையை ஜெர்மனில் வாசித்துக்கொண்டிருந்தபோது கவுண்டியின் அரசு வழக்கறிஞர் வகுப்பினுள் நுழைந்தார். ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் மேயர் தப்பியிருப்பார், அவர் மாறவில்லை. விதிக்கப்பட்ட அபராதம் 25 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1923 ஜூன் மாதம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் மேயருக்குச் சாதகமாக முடிந்தது. கற்பிக்கும் தொழிலைச் செய்ய ஆசிரியருக்கும், தம் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்று முடிவுசெய்யப் பெற்றோருக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது திருத்தம் உரிமை தருகிறது என்றது தீர்ப்பு. தீர்ப்பை எழுதியவர் பழமைவாதத்துக்குப் பெயர்போன மெக்ரெனால்ட்ஸ் என்பதும், மாறுபட்ட இருவரில் ஒருவர் பேச்சுரிமைக் காவலராகப் போற்றப்படும் ஹோம்ஸ் என்பதும் நீதிபதிகளை அடைமொழிகளால் அளப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. ஆயினும் தீர்ப்பு தடையை நீக்கியதே அன்றி, எந்தப் பொதுப் பள்ளியையும் எதையும் கற்பிக்கச் சொல்லவில்லை.

தென்மேற்கில் ஜெர்மனின் இடத்தில் ஸ்பானிஷ் இருந்தது. ஆனால் அதனைப் பேசியோர் குடியேறிகள் மட்டுமல்லர், எல்லைக்கோடு தங்களைக் கடந்து சென்றதால் அமெரிக்கர் ஆனவர்களும்கூட. டெக்சாஸ் 1918இல் ஆங்கிலம் தவிர்த்த பயிற்றுமொழியைக் குற்றமாக்கியது. அம்மாநிலத்தின் மார்ஃபா ஊரில், மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளைத் தனியே ஒதுக்கி நடத்திய பிளாக்வெல் பள்ளியில், 1954இல் மாணவர்கள் ஸ்பானிஷ் பேசமாட்டோம் என்று துண்டுத்தாள்களில் எழுதி, அவற்றை ஒரு பெட்டியில் இட்டு, 'திருவாளர் ஸ்பானிஷின் அடக்கம்' என்ற பெயரில் கொடிக்கம்பத்தருகே குழிதோண்டிப் புதைக்கும்படி செய்யப்பட்டனர். அப்பள்ளிக் கட்டடம் இன்று தேசிய வரலாற்றுத் தலம்.

அடக்கம் நடந்து நான்கே ஆண்டுகளில் நடுவண் அரசு அயல்மொழிகளுக்குப் பணத்தை அள்ளிக்கொடுத்தது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் துணைக்கோளை ஏவியதன் அதிர்ச்சியில் பிறந்த 1958ஆம் ஆண்டுத் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், கணிதத்தோடும் அறிவியலோடும் அயல்மொழிகளையும் நாட்டின் தற்காப்புத் தேவையாகக் கண்டு, ஆசிரியர் பயிற்சிக்கும் மொழி ஆய்வகங்களுக்கும் நிதி ஒதுக்கியது. வீட்டில் ஸ்பானிஷ் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட பிள்ளை அத்தேவைக்கு உதவக்கூடும் என்ற எண்ணம் சட்டத்தை வகுத்தவர்களுக்கு எழுந்ததாகத் தெரியவில்லை.

இரு வாயில்களையும் மீண்டும் ஒன்றாக்கிய முதல் முயற்சி, காஸ்ட்ரோவின் ஆட்சியிலிருந்து வெளியேறிய கியூப அகதிகள் குவிந்த மயாமியில் நிகழ்ந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் 1963இல் கோரல் வே தொடக்கப்பள்ளி, ஆங்கிலப் பிள்ளைகளையும் கியூபப் பிள்ளைகளையும் சேர்த்து, காலையில் தாய்மொழியிலும் பிற்பகலில் மற்ற மொழியிலும் கற்பித்தது. அறிந்தோ அறியாமலோ சின்சினாட்டியின் பாதிநாள் முறை திரும்பி வந்திருந்தது. 1968 ஜனவரியில் நிறைவேறிய இருமொழிக் கல்விச் சட்டம் அந்தத் துணிவை எட்டவில்லை: ஆண்டு வருமானம் 3,000 டாலருக்குக் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளையே அது முதலில் குறிவைத்ததால், வீட்டுமொழி மறுபடியும் வறுமையின் பின்விளைவுகளில் ஒன்றாகக் கொள்ளப்பட்டது.

கடமை என்ற சொல் 1974இல்தான் வந்தது. சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகள் ஏறத்தாழ 2,800 பேர் இருக்க, அவர்களுள் சுமார் 1,000 பேருக்கே தனி உதவி கிடைத்தது. ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் கொடுத்துவிட்டதால் மட்டும் சமத்துவம் ஆகிவிடாது என்று, லாவ் எதிர் நிக்கல்ஸ் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. எந்த முறையில் உதவுவது என்பதை மட்டும் அது சொல்லாமல் விட்டது. 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, திட்டத்துக்கு ஏற்கத்தக்க கோட்பாடு உண்டா, அதனை நடத்த ஆளும் பொருளும் உண்டா, பயன் விளைந்ததா என்று மூன்று கேள்விகளை வகுத்தது. இன்றளவும் பள்ளிகள் அளக்கப்படுவது அவற்றால்தான்.

நீதிமன்றம் விட்ட இடைவெளியை வாக்குப்பெட்டி நிரப்பியது. கணினி மென்பொருள் தொழிலதிபர் ரான் அன்ஸ் முன்னெடுத்த 227ஆம் முன்மொழிவைக் கலிபோர்னிய வாக்காளர்கள் 1998இல் ஏற்றனர். இருமொழி வகுப்புகள் பெரும்பாலும் மூடப்பட்டு, பொதுவாக ஓராண்டுக்கு மேற்படாத, பாடம் முழுவதும் ஆங்கிலத்திலேயே நடக்கும் அமிழ்த்தல் முறை வந்தது. அரிசோனாவும் மாசசூசெட்ஸும் தொடர்ந்தன. 2016இல் அதே கலிபோர்னியா 73 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளால் அக்கட்டுப்பாட்டை நீக்கியது. இம்மாற்றத்துக்குக் குடியேறிகளின் குரலோடு, தம் பிள்ளைக்கு இரண்டாம் மொழி வேண்டும் என்று விரும்பிய ஆங்கிலப் பெற்றோரின் ஆர்வமும் காரணம். இருமொழித் தேர்ச்சி முத்திரையைப் பட்டயத்தில் பதிக்கும் வழக்கத்தையும் அம்மாநிலமே 2011இல் சட்டமாக்கித் தொடங்கிவைத்திருந்தது. ஆனால் இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் இருமொழி ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சித் திட்டங்கள் சுருங்கிவிட்டிருந்தன. ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் பத்து இலட்சத்துக்கு மேல் பயிலும் மாநிலத்தின் பள்ளிகள், ஆள் போதாமல், ஸ்பெயின் நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் வருகை ஆசிரியர் திட்டத்தின் வழியே ஆசிரியர்களைத் தருவிக்கின்றன.