வளைகுடாவில் நண்பகல் வேலைத் தடை: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

ஒவ்வோர் ஆண்டும் கோடை தொடங்கும்போது வளைகுடா நாடுகளின் தொழிலாளர் அமைச்சகங்கள் நண்பகல் வேலைத் தடையை அறிவிக்கின்றன. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் ஊருக்கும் வந்துவிடுகிறது. "இனி மதிய வெயிலில் வேலை இல்லை" என்று குடும்பத்தாரும் ஆறுதல் அடைகின்றனர். ஆனால் இந்தத் தடை எல்லா வேலைகளுக்கும் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்துவது அல்ல. இதன் எல்லை தெரியாததால் உரிமை உள்ளவர் கேட்காமல் விட்டுவிடுகிறார். உரிமை இல்லாதவர் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார். எனவே சட்டம் எதுவரை செல்கிறது என்பதை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

எந்த நாட்டில் எந்த நேரம்?

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது. சவூதி அரேபியாவில் அதே மூன்று மாதங்களுக்கு 12 முதல் 3 மணி வரை தடை உள்ளது. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 முதல் மாலை 4 மணி வரையும், ஓமனில் அதே மாதங்களில் 12.30 முதல் 3.30 வரையும் தடை.

கத்தாரில் 2021-ல் விதி கடுமையாக்கப்பட்டது. அங்கு ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெளி வேலை கூடாது. இதைவிட முக்கியமான ஒன்றும் அந்த விதியில் இருக்கிறது. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து அளக்கும் கருவி 32.1 டிகிரியைத் தாண்டினால், மாதமும் மணியும் எதுவானாலும் வேலையை நிறுத்த வேண்டும். மற்ற நாடுகளின் தடை கடிகாரத்தை மட்டுமே பார்க்கிறது. செப்டம்பர் 16 அன்று வெயில் குறைந்துவிடுவதில்லை. தடை மட்டும் முடிந்துவிடுகிறது.

யார் உள்ளே, யார் வெளியே?

நேரடி வெயிலில் வேலை செய்பவருக்கே இந்தத் தடை. கட்டடத்திற்குள் பிளாஸ்டரிங், டைல்ஸ் வேலை செய்பவருக்கு, உள்ளே எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும், பெரும்பாலான நாடுகளில் இந்த நேரக் கணக்கு உதவாது. சமையற்கூடம், சலவைக்கூடம் ஆகியவற்றில் வேலை செய்பவர்களின் நிலையும் இதுவே.

வெளி வேலையிலும் விலக்குகள் உண்டு. அமீரகத்தில் நடுவில் நிறுத்த முடியாத கான்கிரீட் மற்றும் தார் போடும் வேலைகளும், தண்ணீர், மின்சாரம் தடைபட்டால் செய்யும் அவசரப் பழுதுபார்ப்பும் தடைக்கு உட்படாதவை. சவூதியில் எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் தொழிலாளர்களும் அவசரப் பராமரிப்பு வேலை செய்பவர்களும் விலக்கில் வருகின்றனர். ஆனால் விலக்கு என்பது நேரத்திற்கு மட்டும்தான். நிழல், குளிர்ந்த குடிநீர், முதலுதவி ஆகியவற்றை அப்போதும் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும். இதைப் பலரும் அறிவதில்லை.

மூன்றாவது எல்லை விசா. சவூதியின் தொழிலாளர் சட்டம் வீட்டு ஓட்டுநர், வீட்டுப் பணியாளர், தனியாரிடம் ஆடு மேய்ப்பவர் போன்றோரைத் தனக்கு வெளியே வைத்துள்ளது. அமீரகம், குவைத், கத்தார் ஆகிய நாடுகளிலும் வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டமே உள்ளது. வீட்டு ஓட்டுநர் விசாவில் சென்று கட்டுமான சைட்டில் வேலை செய்பவரும், விசிட் விசாவில் வேலைக்குப் போனவரும் எந்தச் சட்டத்திற்குள்ளும் சரியாக அடங்குவதில்லை. விபத்து நேரும்போதுதான் இதன் விலை தெரிகிறது.

மீறினால் என்ன செய்யலாம்?

அமீரகத்தில் தடையை மீறும் நிறுவனத்திற்கு ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹம் வீதம், அதிகபட்சம் 50,000 திர்ஹம் வரை அபராதம் உண்டு. அமைச்சகத்தின் 600590000 என்ற எண்ணில் புகார் செய்யலாம். சவூதியில் 19911 என்ற எண் உள்ளது. புகார் செய்யும்போது தேதி, நேரம், சைட் இருக்கும் இடம் மூன்றையும் சொல்வது அவசியம்.

"வேலை போய்விடும்" என்ற அச்சம் நியாயமானதே. தனியாகச் செய்யத் தயங்குபவர்கள் கேம்பில் பலராகச் சேர்ந்து முதலில் சேஃப்டி ஆபிசரிடம் தெரிவிக்கலாம். அதற்கு ஓர் எழுத்துப் பதிவு இருப்பது பின்னாளில் உதவும்.

இழப்பீடும் மரணச் சான்றிதழும்

அமீரகச் சட்டப்படி வேலையில் காயமடைந்தவருக்குக் கம்பெனி சிகிச்சை அளிக்க வேண்டும். ஆறு மாதம் வரை முழுச் சம்பளமும், குணமாகாவிட்டால் அடுத்த ஆறு மாதம் பாதிச் சம்பளமும் உண்டு. வேலை காரணமாக இறந்தால் குடும்பத்திற்கு 24 மாத அடிப்படைச் சம்பளம் தர வேண்டும். அது 18,000 திர்ஹத்திற்குக் குறையவோ 2,00,000 திர்ஹத்தைத் தாண்டவோ கூடாது. கணக்கு அடிப்படைச் சம்பளத்தில்தான், அலவன்ஸ் சேராது. எனவே ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதைக் கையெழுத்திடும் முன்பே பார்க்க வேண்டும்.

இங்கேதான் பல குடும்பங்கள் தவறவிடும் இடம் இருக்கிறது. வெயிலில் வேலை செய்து மயங்கி விழுந்தவர், அல்லது இரவு கேம்பில் உறங்கியவர் காலையில் எழாமல் போனால், சான்றிதழில் "இயற்கை மரணம்", "இதயம் நின்றது" என்று எழுதப்பட்டுவிடுகிறது. வேலையால் நேர்ந்த மரணம் என்ற பதிவு இல்லையென்றால் இழப்பீட்டிற்கு வழி அடைபடும்.

நம் குடும்பங்களில் பலர் ஜனாஸாவை அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் தருகின்றனர். அடக்கத்தைத் தாமதப்படுத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சம்மதக் கடிதம் அனுப்பும் அன்றே, மருத்துவமனை அறிக்கை, போலீஸ் அறிக்கை, கடைசி நாட்களின் வேலை நேரப் பதிவு ஆகியவற்றைக் கேட்டு இந்தியத் தூதரகத்திற்கு இன்னொரு கடிதமும் அனுப்ப வேண்டும். உடன் தங்கியிருந்தவர்களின் பெயர்களையும் குறித்து வைக்க வேண்டும். நாட்கள் கடந்தால் அவர்களும் வேறு சைட்டுக்கு மாறிவிடுவார்கள்.

புறப்படும் முன்

பத்தாம் வகுப்பு தேறாமல் ஈசிஆர் பாஸ்போர்ட்டில் செல்பவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாயும், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாயும் கட்ட வேண்டும். விபத்து மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்கும் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். காலம் முடிந்தபின் புதுப்பிக்காமல் விடுபவர்கள் ஏராளம்.

ஒப்பந்தம், விசா, காப்பீட்டுப் பத்திரம் மூன்றின் நகலும் ஊரில் மனைவியிடமோ பெற்றோரிடமோ இருக்கட்டும். விசாவில் எழுதியுள்ள வேலையும் உண்மையில் செய்யும் வேலையும் ஒன்றுதானா என்று இன்றே தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். பாதுகாப்புச் சட்டம் உங்கள் வீட்டுப் பிள்ளைவரை எட்டுகிறதா என்பதை அறிய அந்த ஒரு கேள்வியே முதல் படி.