இட்டேரி

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்கு இரண்டு வகை வாசகர்களிடம் பயம் உண்டு. ஒருவர் சரித்திரப் பேராசிரியர். அவரை எப்படியாவது சமாளித்துவிடலாம். "கதைதானே, ஐயா!" என்று கைகூப்பினால் போனால் போகிறதென்று விட்டுவிடுவார். மற்றவர் கதை நடக்கிற ஊர்க்காரர். அவரிடம் அந்தப் பாச்சா பலிக்காது.

மூலனூரிலிருந்து எனக்கு வந்த கடிதம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். "தங்கள் நாவலில் கர்னல் புல்லர்ட்டனின் படை எங்கள் ஊர்ப் பக்கமாக வருகிறபோது, பாதையின் இருபுறமும் நெற்கதிர்கள் தலைசாய்த்து நின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வயது எழுபத்திரண்டு. எங்கள் காட்டில் நெற்கதிர் தலைசாய்த்து நான் பார்த்ததில்லை. ஒரு முறை நேரில் வந்து பார்த்து, அடுத்த பதிப்பில் திருத்தவும்" என்று முத்துமுத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

நான் காவிரிக் கரையில் பிறந்தவன். என் பேனா பாதை என்று எழுதினால் அடுத்த வார்த்தை வயல் என்றுதான் தானாக வந்து விழும். தப்பு என்னுடையதுதான். ஆடி மாதத்தில் ஒரு நாள் கரூரில் இறங்கி, சின்னதாராபுரம் வழியாகத் தாராபுரம் செல்லும் பஸ்ஸில் ஏறி மூலனூர் போய்ச் சேர்ந்தேன்.

வாத்தியார் வாசலிலேயே இரண்டு சைக்கிள்களைத் துடைத்து நிறுத்தியிருந்தார். ஒன்று, முப்பது வருஷம் அவரைப் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்த பழைய ஹெர்குலிஸ். மற்றது, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட பேரன் விட்டுச் சென்றது.

"கார் வெச்சுட்டுச் சுத்திப் பாக்கலாங்களே?" என்றேன், கொஞ்சம் தயக்கத்துடன்.

"காருல போனா ரோடுதானுங்க தெரியும். ஊரு தெரியாதுங்க" என்றார்.

அவருடைய மனைவி, "வெயிலுக்கு முந்தி ரெண்டு பேரும் கம்மங்கூழு குடிச்சுப்போட்டுப் போங்க" என்று செம்பை நீட்டினார். கம்பு, நெல் அல்ல. என் நாவலுக்கு முதல் திருத்தம் அங்கேயே கிடைத்துவிட்டது.

பெரிய சாலையில் லாரிகளும், கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்களும் விரைந்துகொண்டிருந்தன. வாத்தியார் அதில் ஐந்து நிமிஷங்கூடப் போகவில்லை. சட்டென்று ஒரு சந்தில் திரும்பினார். நானும் திரும்பினேன். சத்தம் எல்லாம் பின்னால் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு முள்வேலி. நடுவே ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மண் பாதை. வேலியில் கோவைக் கொடியும் பிரண்டையும் பின்னிக் கிடந்தன. எங்கள் சக்கரத்துச் சத்தம் கேட்டு ஒரு கௌதாரிக் கூட்டம் முன்னால் குடுகுடுவென்று ஓடி வேலிக்குள் புகுந்துகொண்டது.

"இதுக்குப் பேரு இட்டேரிங்க" என்றார் வாத்தியார்.

கொங்கு நாட்டில் இந்த வார்த்தை தெரியாதவர் இல்லை. வேலிக்கும் வேலிக்கும் நடுவே ஊரையும் காட்டையும் இணைக்கும் வழி இது. மாடு போகும், வண்டி போகும், களையெடுக்கப் போகிற பெண்கள் போவார்கள். சைக்கிளுக்கென்றே யாரோ போட்டுவைத்த பாதை போல எனக்குத் தோன்றியது. அன்று காலை முழுவதும் அந்தப் பாதையில் எங்களுக்கு எதிரே வந்தவை ஒரு ஆட்டு மந்தையும், பால் கேன் கட்டிய ஒரு மோட்டார் சைக்கிளும்தான்.

வாத்தியார் எனக்கு இன்னொரு பாடமும் சொல்லிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் நிலம் என்றால் வயல்தான். இங்கே நிலத்துக்கு மூன்று பெயர். ஆற்றுப் பாய்ச்சல் உள்ளது வயல். கிணற்றுப் பாய்ச்சல் உள்ளது தோட்டம். வானத்தை நம்பியது காடு. மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறித்துக்கொள்வதால் இந்தச் சீமைக்கு மழை குறைவு; வந்தால் பெரும்பாலும் ஐப்பசியில்தான் வரும். அமராவதிக் கரையை விட்டு விலகினால் காடுதான் அதிகம். 'எங்கள் காட்டில்' என்று அவர் எழுதியதை நான் வனம் என்று நினைத்துக்கொண்டேனே, என் அறியாமையை என்ன சொல்ல!

சிறிது தூரத்தில் முருங்கைத் தோப்புகள் வந்தன. மூலனூர் முருங்கைக்குத் தமிழ்நாட்டுச் சந்தைகளில் தனி மதிப்பு உண்டு. கொஞ்சம் நீர் இருந்தால் போதும், மரம் தாங்கிக்கொள்ளும். காய்த்த காலத்தில் விலை கிடைத்தால் வீடு கட்டலாம். கிடைக்காவிட்டால் பறிக்கிற கூலிக்கும் கட்டாமல் மரத்திலேயே விட்டுவிடுவார்களாம். மெல்லிய இலைகளின் நிழல் பாதையில் விழுந்து அசைந்துகொண்டிருந்தது. அந்த நிழலில் சைக்கிள் விடுவது ஒரு சுகம்.

தோப்பு முடிந்ததும் சுகமும் முடிந்தது. மேற்கே திரும்பினோம். ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது! பாதை சமதரைதான், ஆனால் மலை ஏறுவது போல மிதிக்க வேண்டியிருந்தது. தூரத்தில் காற்றாலைகள் கை வீசிக்கொண்டு நின்றன. வாத்தியார் எழுபத்திரண்டு வயதில் முன்னே போகிறார். நான் நாற்பது சொச்சம் வயதில் பின்னே இரைக்கிறேன்.

மூச்சு வாங்க ஒரு வேப்ப மரத்தடியில் நின்றபோதுதான் அந்தக் காற்றைப் பற்றி யோசித்தேன். மேற்கே மலைச்சுவரில் பாலக்காட்டுக் கணவாய் என்று ஒரு பெரிய வாசல் இருக்கிறது. அரபிக்கடலில் எழும் தென்மேற்குக் காற்று அந்த வாசலில் நுழைந்துதான் இங்கே வந்து அறைகிறது. இதே காற்றில்தான் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பு யவனக் கப்பல்கள் பாய் விரித்தன. செங்கடலின் வாயிலிருந்து நாற்பது நாளில் முசிறித் துறைக்கு வந்துவிடலாம் என்று பிளினி என்ற ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார். மிளகுக்காக வந்தவர்களின் காசு முசிறியோடு நிற்கவில்லை. காற்று நுழைந்த வாசலிலேயே காசும் நுழைந்தது. நொய்யல் கரையில் கொடுமணல், காங்கயத்தை அடுத்த படியூரின் நீலப்பச்சைக் கற்கள், ஆன்பொருநைக் கரையில் சேரர்களின் கரூர் என்று அந்த வழி நீண்டது. ஆன்பொருநை என்றால் வேறொன்றுமில்லை. வாத்தியார் ஊருக்குப் பக்கத்தில் ஓடுகிற அமராவதிதான். கரூரில் அதன் மணலில் ரோமானியச் செப்புக் காசுகள் இன்றைக்கும் பேசப்படுகிற அளவுக்குக் கிடைத்திருக்கின்றன.

திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பிறகு கும்பினியார் கொங்கு நாட்டை இரண்டாகப் பிரித்து ஆண்டபோது, தெற்குப் பகுதியின் கலெக்டர் ஹர்டிஸ் என்பவர். 1800-இல் இந்தச் சீமையைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் என்ற வைத்தியரிடம் அவர் ஆறு வெள்ளிக் காசுகளைக் கொடுத்தார். பொள்ளாச்சியில் ஒரு பானையில் அகப்பட்டவை அவை. அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற ரோமச் சக்கரவர்த்திகளின் தலைகள் அவற்றில் இருந்தன. புக்கானனின் யாத்திரைப் புத்தகம் 1807-இல் லண்டனில் அச்சாயிற்று. நாவலுக்காக அதைப் புரட்டியபோது காசைக் கண்டேன். இந்த மண்ணைக் காணவில்லை.

கணவாயில் காற்றும் காசும் வந்ததுபோலப் படையும் வந்தது. மைசூருக்கும் கும்பினிக்கும் நடந்த சண்டைகளில் தாராபுரம் கோட்டை பந்தாக உருண்டது. 1768-இல் கும்பினியார் பிடித்தார்கள். அதே வருஷம் ஹைதர் மீட்டார். 1783-இல் என் கதாநாயகர் புல்லர்ட்டன் பிடித்துக்கொண்டு, பழனி, ஆனைமலை வழியாகப் பாலக்காட்டுக்குப் போனார். 1784-இல் மங்களூர் உடன்படிக்கையில் எல்லாம் திரும்பப் போயிற்று. 1790-இல் மறுபடியும் சண்டை. கடைசியில் 1792-இல் கோட்டையையே இடித்துவிட்டார்கள்.

"அந்தப் பீரங்கியெல்லாம் யாருங்க இழுத்தாங்க?" என்று கேட்டார் வாத்தியார்.

"மாடுகள்தான்."

"மாடு என்னத்தைத் தின்னுச்சுங்க?"

என் நாவலில் நானூறு பக்கம் இருக்கிறது. அதில் எத்தனையோ குதிரைகள் கனைக்கின்றன. மாடு என்ன தின்றது என்று ஒரு வரி கிடையாது. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவர் என்னை அழைத்துக்கொண்டு போய், வேலியில் இருந்த படலைத் திறந்து, தம்முடைய கொரங்காட்டுக்குள் விட்டார்.

கொரங்காடு என்பது மேய்ச்சலுக்கென்றே விட்ட காடு. உழுது விதைப்பதில்லை. அங்கங்கே வெள்வேல மரங்கள். தரையில் கொழுக்கட்டைப் புல். சுற்றிலும் முள்கிளுவை வேலி. உள்ளே மாட்டை ஓட்டிப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். இரவும் பகலும் கிடக்கும். மழை பொய்த்த வருஷத்தில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். காங்கயம் காளை என்று உலகமெல்லாம் பேசுகிறதே, அது இந்த வேலிக்குள் வளர்ந்த பிராணி. கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும். ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். பழையகோட்டைப் பட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்ததை, 1936-இல் லிட்டில்வுட் துரை தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் பார்க்கலாம்.

நான் கிளுவை வேலியைத் தொட்டுப் பார்த்தேன். மழைக் காலத்தில் போத்தை வெட்டி நட்டால் வேர் பிடித்துக்கொள்ளுமாம். இதன் ஒன்றுவிட்ட சகோதரன் அரபு நாட்டு வெள்ளைப்போளம். ரோமாபுரியில் நல்ல விலைக்கு விற்ற வாசனைப் பிசின் அது. இங்கே அதே குலத்துப் பிள்ளை மாட்டுக்குக் காவல் நிற்கிறது.

மறுநாள் காற்றை எதிர்த்து இருபது கிலோமீட்டருக்கு மேல் மிதித்துத் தாராபுரம் போனோம். கோட்டை எங்கே என்று நான் தேடினேன். கடைவீதி இருந்தது, பஸ் ஸ்டாண்டு இருந்தது. பல முறை ராஜ்யம் மாறக் காரணமான மதிலைக் காட்ட ஒருவரும் இல்லை. கல்லால் கட்டியது போய்விட்டது. போத்து நட்டு வளர்த்தது நிற்கிறது. சரித்திரச் சின்னம் என்றால் கல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய பிசகு என்று அந்தக் கடைவீதியில் நின்றபோது எனக்குப் பட்டது.

திரும்பும்போது காற்று முதுகில். மிதிக்காமலே சைக்கிள் ஓடிற்று. உற்சாகத்தில் நான் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். மூலனூரை நெருங்கும் சமயம் வாத்தியார் திடீரென்று இறங்கிவிட்டார். முந்தின நாள் நாங்கள் வந்த இட்டேரிதான். ஆனால் ஒரு பக்கத்து வேலியைக் காணோம். மண்வாரி இயந்திரம் ஒன்று நின்றது. கிளுவைகள் வேரோடு குவிந்து கிடந்தன. ஒரு பர்லாங்கு நீள வேலி. அரை நாள் வேலை. குவியலின் மேல் ஒரு கௌதாரி இங்குமங்கும் அலைந்துகொண்டிருந்தது.

"பங்காளி காடுங்க. மனைக்குக் குடுத்துட்டாங்க. தப்புச் சொல்ல முடியாதுங்க. மாடு வெச்சுப் பொழைக்கறவங்க யாருங்க இப்ப? கண்ணபுரத்துச் சந்தைக்கு எங்கப்பாரு நாலு ஜோடி ஓட்டீட்டுப் போவாரு. எங்கிட்ட ஒரே மாடுதானுங்க இருக்குது. பேரனுக்கு அதும் வேண்டாமுங்க" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பேரனைக் குற்றம் சொல்ல நான் யார்? தஞ்சாவூர் ஜில்லாவில் என் பங்கு வயலை விற்றுத்தானே நான் பட்டணத்தில் வீடு வாங்கினேன்!

வாத்தியார் ஹாண்டில்பாரைப் பிடித்தபடி மெல்ல நடந்தார். பிறகு சொன்னார்: "நீங்க எழுதுனது தப்புன்னு நான் கடுதாசி போட்டனுங்க. இன்னும் இருபது வருஷம் போனா, தப்புன்னு சொல்றதுக்கு ஆளும் இருக்காது, காட்டறதுக்கு வேலியும் இருக்காது. அப்புறம் நீங்க எழுதுன நெல்லுக்கதிருதானுங்க நெசமாயிரும். அதுக்குத்தான் வரச்சொன்னனுங்க."

நாவலின் அடுத்த பதிப்பு இப்போது அச்சில் இருக்கிறது. நெற்கதிரை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் புல்லர்ட்டனின் பீரங்கி மாடுகள் கிளுவை வேலியோரமாக நின்று, கொழுக்கட்டைப் புல்லுக்குக் கழுத்தை நீட்டுகின்றன. மொத்தம் நான்கு வரி. வாத்தியாருக்கு அச்சுப் பிரதியை அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை; திருத்தம் இருந்தால் எழுதுவார்.