கதையைச் சொல்வது யார்?

‘மகாபாரத்’ என்ற ஒரே பெயரில் ஹிந்தியில் பெரிய தொலைக்காட்சித் தொடர்கள் இரண்டு வந்தன. பி. ஆர். சோப்ரா தயாரித்தது 1988 முதல் 1990 வரை, தூர்தர்ஷனில், 94 பகுதிகள். ஸ்டார் பிளஸ் காட்டியது 2013-14இல், 267 பகுதிகள். நீளம் கிடக்கட்டும். கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு உறுத்தியது வேறு.

முந்தியதில் கதை சொல்வது காலம். முகம் கிடையாது; ஹரீஷ் பீமானியின் குரல் மட்டும். வசனம் எழுதிய ராஹி மாசூம் ரஸா கங்கைக் கரைக் காஜிப்பூர்ப் பக்கத்து முஸ்லிம், நல்ல நாவலாசிரியர். காலத்துக்குக் கட்சி ஏது? பாண்டவர் பிழையும் அதற்குப் பிழைதான்.

பிந்தியதிலோ கிருஷ்ணனே அவ்வப்போது வந்து நமக்கு விளக்கம் கூறுகிறான். அழகாகத்தான் கூறுகிறான். ஆனால், அவன் அர்ஜுனனுக்குத் தேரோட்டியவன் அல்லவா? துரியோதனனைத் தொடையில் அடித்து வீழ்த்தியதே அவன் யோசனைதானே! அந்த அடி நியாயந்தானா என்று நான் யாரிடம் போய்க் கேட்பது?