மதுரைக்குக் கேட்ட மணியும் பேச்சைக் கேட்கும் விளக்கும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் பூஜை முடிந்த பிறகுதான் மதுரை அரண்மனையில் திருமலை நாயக்கர் சாப்பிட உட்காருவார் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அவர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பூஜை முடிந்தது மதுரைக்கு எப்படித் தெரியும்? வழிநெடுக மண்டபம் கட்டி, மண்டபத்துக்கு ஒரு மணியும் மணிக்கு ஓர் ஆளும் வைத்தாராம். கோயில் மணி கேட்டதும் முதல் மண்டபத்துக்காரர் அடிப்பார், அது கேட்டு அடுத்தவர் அடிப்பார், இப்படியே மதுரை வரை. திருச்செந்தூர் மணியைப் பற்றிக் கட்டபொம்மனுக்கும் இதே கதை உண்டு. செவிவழிச் செய்திதான், கல்வெட்டு ஆதாரம் கேட்டு யாரும் என்னுடன் சண்டைக்கு வர வேண்டாம்.

எனக்குப் பிடித்தது அதிலுள்ள கணக்கு. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 75 கிலோமீட்டருக்கு நான்கு நிமிடம்கூட ஆகாது. தாமதமெல்லாம் ஆட்களால்தான். ஒருவர் கண் அயர்ந்துவிட்டால் ராஜா பட்டினி. அலுவலகத்தில் கோப்பு மேசை மேசையாக நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குக் குளோத் ஷாப் என்பவரைப் பற்றிப் பாடம் இருந்தது. 1794-ல் பாரிசுக்கும் லீல் நகருக்கும் இடையே கோபுரங்கள் நிறுத்தி, உச்சியில் மரக்கைகளை ஆட்டிச் செய்தி அனுப்பியவர். அடுத்த கோபுரத்தில் இருப்பவர் தொலைநோக்கியில் பார்த்து அதே மாதிரி ஆட்டுவார். ஒரு கோட்டை மீட்கப்பட்ட செய்தி 200 கிலோமீட்டருக்கு மேல் கடந்து ஒரு மணி நேரத்துக்குள் பாரிசுக்கு வந்துவிட்டது. மூடுபனி இறங்கினால் மட்டும் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இப்போது வீட்டுக்கு வருவோம். "அலெக்சா, லைட்டைப் போடு" என்று ஆங்கிலத்தில் சொல்கிறோம். மேசை மேலிருக்கும் பெட்டி அதைக் கேட்டு வைஃபை பெட்டிக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து கேபிள் வழியாக அந்த நிறுவனத்தின் கணினிக்கு. அது பல்பு விற்ற நிறுவனத்தின் கணினிக்குச் சொல்ல, உத்தரவு வந்த வழியே திரும்பி, நமக்குப் பத்தடி தூரத்தில் இருக்கும் பல்பு எரிகிறது. மணி மண்டபமேதான். எல்லாம் ஒரு விநாடியில் முடிவதால் நடுவே இத்தனை மண்டபங்கள் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1975-ல் ஸ்காட்லாந்தின் கிளன்ராத்திஸ் ஊரில் பிகோ எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் 'எக்ஸ் டென்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற மின்கம்பியிலேயே சைகையை அனுப்பி விளக்கைப் போடும், அணைக்கும். வெளியார் யாரும் நடுவில் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1980களில் இந்தத் துறைக்கே 'தொமோதிக்' என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் 'தோமுஸ்' என்றால் வீடு. உத்தரவு வீட்டைத் தாண்டி வெளியே போனது பிற்பாடு. அமேசான் எக்கோ அமெரிக்காவில் 2014-ல் வந்து, இந்தியாவுக்கு 2017-ல் வந்தது. 2019-ல் இந்தி கற்றுக்கொண்டது. தமிழுக்கு அப்போது முறை வரவில்லை.

நடு மண்டபம் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு ரிவால்வ் கதை இருக்கிறது. வீட்டிலுள்ள கருவிகளையெல்லாம் சேர்த்து ஆட்டுவிக்கும் பெட்டி அது, சுமார் 300 டாலர். 2014-ல் நெஸ்ட் நிறுவனம் அதை வாங்கி, 2016 மே மாதம் அதற்கான சேவையை நிறுத்தியது. பெட்டியில் பழுதே இல்லை. ஆனால் அன்றிலிருந்து அது வெறும் டப்பா. 2022-ல் பல நிறுவனங்கள் கூடி 'மேட்டர்' என்ற பொது விதியைக் கொண்டுவந்தன. அதன்படி உத்தரவு வீட்டுக்குள்ளேயே போய்வரலாம். வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ராஜபாளையம் பக்கத்தில் 'ஸ்மார்ட்' என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே இந்த வேலை தோப்புகளில் நடந்தது. 1990-ல் விவசாயிகள் எல்லாருக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. ஆனால் மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். ராத்திரி முறையும் உண்டு. மோட்டார் போட மலையடிவாரத்துத் தென்னந்தோப்புக்கு டார்ச்சுடன் போக வேண்டும். பாம்பு, காட்டுப்பன்றி, சில இடங்களில் யானை. அதனால் கரண்ட் வந்ததும் தானே மோட்டாரை ஓட்டும் ஆட்டோ ஸ்விட்ச் வந்தது. பிறகு சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர் வந்தது, வீட்டிலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓட்டலாம். புணேயில் சந்தோஷ் ஓஸ்த்வால் 'நானோ கணேஷ்' என்ற பெயரில் இப்படி ஒன்றைச் செய்தார். வயதான தாத்தா பம்பு போடத் தோட்டத்துக்கு நடந்ததைப் பார்த்துத் தோன்றிய யோசனை என்று சொல்லியிருக்கிறார். பேசும் பெட்டியைவிட இந்த ஸ்டார்ட்டருக்குத்தான் என் மதிப்பெண் அதிகம். மோட்டார் போடப் போய் விஷக்கடியில் மாட்டாமல் ஒருவர் வீட்டில் படுத்திருக்கிறார் அல்லவா.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார், வயது எண்பதை நெருங்குகிறது. வெளிநாட்டுப் பிள்ளை ஒரு பெட்டி நிறைய சாமான் வாங்கி அனுப்பிவிட்டார். எலெக்ட்ரீஷியன் வந்து சுவிட்சுப் பலகையைக் கழற்றியதும் சொன்ன முதல் வார்த்தை, "நியூட்ரல் இல்லையே சார்." பழைய வீடுகளில் சுவிட்சுக்குப் பேஸ் கம்பி மட்டும்தான் வரும், நியூட்ரல் நேரே விளக்குக்குப் போய்விடும். ஸ்மார்ட் சுவிட்ச் எப்போதும் விழித்திருக்க வேண்டியது. அனேகமாக எல்லாவற்றுக்கும் நியூட்ரல் வேண்டும். அதை இழுக்கச் சுவரைக் கொத்த வேண்டும். சாமானை விடக் கூலி அதிகம் ஆகும் இடம் இது. தண்ணீர் மோட்டாரைச் சின்ன ஸ்மார்ட் பிளக்கில் மாட்டவும் அவர் சம்மதிக்கவில்லை. சரியான பேச்சு. ஒரு குதிரைத்திறன் மோட்டார்கூடக் கிளம்பும்போது வழக்கத்தைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். நடுவே கான்டாக்டர் வைக்க வேண்டும்.

கடைசியில் மூன்றுதான் அந்த வீட்டில் மாட்டினோம். மேல்தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச். இதற்கு இன்டர்நெட்டே வேண்டாம். ராத்திரி எழுந்தால் தானே எரியும் நடைவிளக்கு, பக்கத்திலேயே சாதாரண சுவிட்சும் உண்டு. மூன்றாவது, கட்டிலோரத்தில் ஓர் அழைப்பு மணிப் பொத்தான். வயர் இல்லாதது, அமுக்கினால் எதிர்வீட்டில் ஒலிக்கும். பிள்ளை தன் போனுக்கும் அது வர வேண்டும் என்றார், அதையும் சேர்த்தோம். ஆனால் எதிர்வீட்டு மணிதான் முதலில் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார். பேசும் பெட்டி அலமாரியில் இருக்கிறது.