மூளையும் சூலகமும்

சுரப்பிகளுக்கெல்லாம் தலைவன் என்று பிட்யூட்டரி சுரப்பியை ஒரு காலத்தில் நூல்கள் போற்றின. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் இச்சுரப்பியின் ஹார்மோன்களாலேயே பாலூட்டிகளின் சூலகத்தில் முட்டை முதிர்கிறது, முதிர்ந்து வெளிப்படுகிறது. ஆயினும் அத்தலைவனுக்கு மேலே ஓர் அதிகாரி உண்டு என்பது மெல்லத்தான் புலனாயிற்று. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியிலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்களின் வழியே வரும் பொருள்களே பிட்யூட்டரியை ஏவுகின்றன என்று, 1955இல் வெளியிட்ட தம் நூலில் ஆங்கில அறிஞர் ஜெஃப்ரி ஹாரிஸ் எடுத்துரைத்தார். ஏவல் நின்றால் சுரப்பும் நின்றுவிடும் என்பது இதிலிருந்து எளிதில் எழும் முடிவு.

இம்முடிவுக்கு ஒரு விலக்கு இருந்தது. அதை 1954இலேயே ஓர் எலி காட்டியிருந்தது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் எவரெட், எலியின் பிட்யூட்டரியை எடுத்து, அதே எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் பதித்தார். மூளையை விட்டு அவ்வளவு தொலைவு சென்ற சுரப்பி ஓய்ந்துவிடும் என்றுதானே நாம் எண்ணுவோம்? முட்டையை முதிர்விக்கும் ஹார்மோன்கள் ஓய்ந்தன. சூலகச் சுழற்சியும் நின்றது. ஆனால், முட்டை வெளிப்பட்ட இடத்தில் தோன்றும் மஞ்சள் நிறத் திரள் மட்டும் வாடவில்லை. நீண்ட நாட்கள் அது சுரந்துகொண்டே இருந்தது! எலியில் அத்திரளைக் காப்பது புரோலாக்டின் என்னும் பிட்யூட்டரி ஹார்மோன். பால் சுரக்கச் செய்வதாக 1928இல் பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் முயல்களிடம் கண்டறியப்பட்டதும் இதுவே. மூளை அதை ஏவுவதில்லை, அடக்கியே வைத்திருக்கிறது. பிடி தளர்ந்தால் அது தானே பெருகும். 1958இல் நிகிடோவிச்-வைனர் என்னும் அம்மையாரும் எவரெட்டும், சிறுநீரகத்தில் வைத்த சுரப்பியை மீண்டும் மூளையின் அடியில் பொருத்தியபோது, நின்றிருந்த சூலகச் சுழற்சி திரும்பியது.

அப்படியானால் அடக்கும் பொருள் எது? அது வேதியியலாரின் புட்டியில் நெடுநாளாகவே இருந்தது. 1910இல் லண்டனில் பார்ஜரும் யூவென்ஸும் ஒரு பொருளைத் தொகுத்திருந்தனர். அதற்கு டோபமின் என்ற பெயர் 1952இல்தான் வந்தது. மூளைக்கு அது தனிச் செய்தியாளன் என்று 1950களின் இறுதியில் ஸ்வீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் காட்டினார். அதற்காக 2000ஆம் ஆண்டு நோபெல் பரிசில் அவரும் பங்கு பெற்றார். 1969இல் மக்லௌட் என்பார், கண்ணாடிக் கலத்தில் வைத்த எலிப் பிட்யூட்டரியின் புரோலாக்டின் வெளியீட்டை டோபமின் குறைப்பதைக் கண்டார். கலத்தில் நிகழ்வது உடலிலும் நிகழ்கிறதா என்று கேட்பது நேர்மையான ஐயமே. 1977இல் பென்-ஜோனதான் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும், ஹைபோதலாமஸிலிருந்து பிட்யூட்டரிக்குச் செல்லும் நுண் குழாய்களின் இரத்தத்தை எடுத்து ஆராய்ந்தனர். உடலின் பிற இரத்தத்தைவிட அங்கே டோபமின் மிகுதியாக இருந்தது. மயிரிழை போன்ற குழாயிலிருந்து இரத்தம் எடுப்பது எத்தகைய பொறுமை வேண்டும் வேலை என்பதை எண்ணிப் பாருங்கள்!

இதற்கிடையே மனநோய் மருத்துவமனைகளில் ஒரு புதிர் எழுந்திருந்தது. 1952இல் பயன்பாட்டுக்கு வந்த குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தை உட்கொண்ட பெண்கள் சிலருக்கு, பிள்ளை பெறாமலே பால் சுரந்தது, மாதவிலக்கும் நின்றது. நோயின் ஒரு கூறு என்று இதை ஒதுக்கிவிட எளிதாக இருந்திருக்கும். உண்மையில் அம்மருந்து டோபமினின் வேலையைத் தடுக்கிறது. கட்டவிழ்ந்த புரோலாக்டின், முட்டையை முதிர்விக்கும் ஹார்மோன்களைத் தூண்டும் மூளைச் செய்தியை மட்டுப்படுத்துகிறது, சூலகம் மௌனமாகிறது. எலியில் மஞ்சள் திரளை வளர்க்கும் அதே புரோலாக்டின் மனிதரில் மிகும்போது இவ்வாறு முட்டை முதிர்வதைத் தடை செய்கிறது. பாலூட்டிகள் அனைத்துக்கும் ஒரே வாய்பாடு எழுதுவது இங்கே பிழையாகும்.

இம்மௌனத்தைக் கலைக்கும் மருந்து வந்த வழி வேறு. ரை தானியத்தின் கதிரில் எர்காட் என்னும் பூஞ்சை பற்றும். அதிலிருந்து பெற்ற பொருள் எலிகளின் கர்ப்பத்தைத் தடுப்பதை, 1954இல் ஷெலஸ்னியாக் அறிவித்தார். அதனைத் தொடர்ந்து, ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஃபிளூக்கிகர் முதலியோர் உழைத்து, எர்காட் பொருளிலிருந்து புரோமோக்ரிப்டின் என்னும் மருந்தைப் பெற்றனர். அது டோபமினைப் போலவே பிட்யூட்டரியில் செயற்படுவது. 1972இல் லண்டனில் பெஸ்ஸரும் பிறரும் அதைத் தகாத பால் சுரப்பு உள்ளவர்களுக்குத் தந்தனர். சுரப்பு குறைந்தது, நின்றிருந்த மாதவிலக்கு பலருக்குத் திரும்பியது. பின்னர், புரோலாக்டின் மிகுதியால் பிள்ளைப்பேறு வாய்க்காத பெண்கள் பலர் இம்மருந்தாலும் இதன் வழிவந்த மருந்துகளாலும் தாயாயினர்.

பாலூட்டும் தாயிடம் இதே கட்டு இயல்பாகவே தளர்கிறது. குழந்தை சுவைக்கும்போது டோபமின் வெளியீடு குறைகிறது, புரோலாக்டின் உயர்கிறது. அடுத்த கருப்பம் தள்ளிப்போவதற்கு இது ஒரு காரணம். செம்மறியாட்டில் டோபமினின் பணி மேலும் விந்தையானது. பகல் நீண்ட பருவத்தில், அதன் ஹைபோதலாமஸில் உள்ள டோபமின் நரம்பணுக்கள் சூலகத்தை ஏவும் செய்தியையே அடக்குகின்றன. பகல் சுருங்கத் தொடங்கியதும் அவ்வடக்கம் நீங்க, பெண்ணாடு மீண்டும் சினைக்கு ஆயத்தமாகிறது.