காய் பேசத் தொடங்கிய கதை

சதுரங்கச் சிப்பாய் எதிரியோடு பேரம் பேச முடியுமா? விதியில் அதற்கு இடமில்லை. ஆனால் காய்கள் பேசும் ஆட்டம் ஒன்று உண்டு. பாத்திரமேற்கும் ஆட்டம் என்பர். அது பிறந்த விதத்தைப் பார்ப்போமா?

1824-இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கிய போர் ஆட்டத்தைச் செப்பனிட்டு வெளியிட்டார். நிலப்படத்தின் மேல் படைக் காய்கள். மோதலின் விளைவைச் சொல்லப் பகடை. தீர்ப்புக் கூற ஒரு நடுவர். விதிகளோ மிகுதி. 1876-இல் தளபதி வெர்டி து வெர்னுவா, விதிகளை ஒதுக்கி நடுவரின் அனுபவத்தையே நம்பலாம் என்றார். 1880-இல் அமெரிக்கரான டாட்டன் எழுதிய 'ஸ்ட்ராடகோஸ்' நூல், ஆட்டக்காரர் எதையும் முயலலாம் என்றது. அது கூடுமா என்பதைச் சொல்வது நடுவர் பொறுப்பு.

அந்தப் பழைய நூல் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞரின் கண்ணில் பட்டது. 1969-இல் அவர் பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை ஜெர்மன் நகரில் ஓர் ஆட்டம் அமைத்தார். படைத் தலைவர்களோடு நகரத் தலைவர், வங்கியாளர் முதலிய வேடங்களும் தந்தார். ஆட்டக்காரர்களோ வரிசையை மறந்து தமக்குள் பேசவும் சதி செய்யவும் தொடங்கினர். ஆட்டம் குலைந்தது என்றே வெஸ்லி எண்ணினார். நண்பர்களோ மீண்டும் வேண்டும் என்றனர்!

அவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னசன் களத்தை மந்திர உலகுக்கு மாற்றினார். அவரும் கேரி கைகாக்ஸும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் மூன்று சிறு புத்தகங்களாக வந்தது. முதலில் அச்சானவை 1000 படிகளே.

அதில் பாத்திரத்தின் வலிமை, அறிவு முதலியவை மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை. 18 விழ 216-இல் 1 வாய்ப்பு. 10 விழ 27. எனவே நடுத்தர மனிதரே மிகுதி, மாவீரர் அரிது.

நீங்களும் ஆடலாம். நான்கு நண்பர், தாள், பென்சில், சாதாரணப் பகடை போதும். தடித்த விதிநூல்களைக் கண்டு மலைக்க வேண்டாம். ஒருவர் நடுவராகி, "பூட்டிய கதவு, உள்ளே முனகல் ஒலி. என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கட்டும். எளிதில் முடிவதற்கும், முடியவே முடியாததற்கும் பகடை வேண்டாம். ஐயமுள்ள இடத்தில் மட்டும் உருட்டுங்கள். விதிநூல் வாய்மூடும் இடத்தில் நேர்மையாக விடை சொல்லும் நடுவர்தான் இந்த ஆட்டத்தின் உயிர்.